பெயர் இல்லாமல் திரும்பி வந்தவை

லெப்டொப் திறக்க மறுத்தது ஒரு திங்கட்கிழமை பின்னேரம். முதல் நாள் முழுக்க இடி. மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்தது. சார்ஜரைப் பிடுங்கி வைக்க மறந்துவிட்டேன். பாடசாலை விட்டு வந்து, தேத்தண்ணீரை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்து, பொத்தானை அழுத்தினேன். விசிறி சுற்றியது. பிறகு உள்ளேயிருந்து டிக், டிக் என்று பல்லி கத்துவது போல ஒரு சத்தம். கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி வந்து நின்றது. அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். அதே சத்தம், அதே வரி. ஆறேழு தடவை அப்படிச் செய்திருப்பேன். தேத்தண்ணீர் ஆறிப்போனது.

நான் றக்வானவுக்கு மேலே, தேயிலை மலைக்குள் இருக்கும் ஒரு சின்னப் பாடசாலையில் பதினெட்டு வருடங்களாகத் தமிழ் கற்பிக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தம்பி கொழும்பில் இருக்கிறான், தீபாவளிக்குப் போன் எடுப்பான். பாடசாலைக்குப் பின்னால் இரண்டு அறைகள் கொண்ட ஆசிரியர் குவார்ட்டர்ஸில் இருக்கிறேன். ஒரு அறை எனக்கு. மற்ற அறையில் இப்போது பழைய விடைத்தாள் கட்டுகளும் கால் உடைந்த ஒரு மேசையும் கிடக்கின்றன. அந்த அறையில் ஒன்பது வருடங்கள் ஒரு கணித ஆசிரியை இருந்தாள்.

என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். ஹட்டன் பக்கம். முதல் நியமனம் கிடைத்து, ஒரு சூட்கேஸையும் ஒரு அரிசிப் பையையும் தூக்கிக்கொண்டு மழையில் வந்து இறங்கினாள். காலில் மூன்று அட்டை இரத்தம் குடித்துக்கொண்டிருந்தன. "இங்க எப்பவுமே இப்படித்தானா அக்கா?" என்று கேட்டாள். "இல்ல, சில நாளைக்கு இதவிட மோசம்" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் எனக்கு அன்றைக்கே அவளைப் பிடித்துப் போய்விட்டது. அந்த வருடக் கடைசியில் நாங்கள் இருவரும் சேர்ந்து வாங்கியதுதான் இந்த லெப்டொப். வினாத்தாள் தயாரிக்க என்று சொல்லித்தான் வாங்கினோம். வினாத்தாளும் தயாரித்தோம்.

மூன்று வருடத்துக்கு முன்பு அவள் போய்விட்டாள். இடமாற்றமும் கல்யாணமும் ஒன்றாக வந்தன. போவதற்கு இரண்டு கிழமை இருக்கும்போதுதான் என்னிடம் சொன்னாள். "உங்கள விட்டுட்டு எங்க போறது அக்கா" என்று வருடக் கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தவள். லெப்டொப்பை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். "உங்களுக்குத்தான் வேலை அதிகம், நீங்களே வச்சுக்கோங்க" என்றாள். அது எனக்கு ஆறுதல் பரிசு மாதிரிப் பட்டது. கல்யாணத்துக்குத் தவணைப் பரீட்சையைச் சாக்குச் சொல்லிப் போகாமல் இருந்துவிட்டேன். வேறொரு ஆசிரியையிடம் ஒரு சேலையைக் கொடுத்தனுப்பினேன். அதன் பிறகு அவள் அனுப்பும் படங்களுக்கெல்லாம் ஒற்றைச் சொல்லில் பதில் போட்டேன். குழந்தை பிறந்தபோது, "வாழ்த்துகள்." அவ்வளவுதான். மெல்ல மெல்ல அவளும் அனுப்புவதைக் குறைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை லெப்டொப்பை ஒரு துவாயில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு இரத்தினபுரிக்கு பஸ் ஏறினேன். வளைவுகளில் பஸ் ஆடும்போதெல்லாம் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா, பையில் இருப்பது பூனைக்குட்டியா என்று கேட்டார். கொம்பியூட்டர் என்று சிங்களத்தில் சொன்னேன். "பாவம்" என்றார். எதைச் சொன்னார் என்று தெரியவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு அருகில், ஒரு கட்டடத்தின் மேல் மாடியில் ஒரு கொம்பியூட்டர் திருத்தும் கடை. நடத்துபவர் நாற்பது தாண்டிய முஸ்லிம் மனிதர், 'இருக்கு' என்பதை 'ஈக்கு' என்று பேசுபவர். தலை குனிந்து கீழே வேலை பார்த்துப் பார்த்துக் கழுத்து முன்னால் வளைந்திருந்தது. லெப்டொப்பைப் புரட்டிப் பார்த்தார்.

"இந்த மொடல் இப்ப மியூசியத்துல தான் ஈக்கும் டீச்சர்" என்றார். பிறகு அதைப் போட்டு, காதைக் கிட்ட வைத்து அந்த டிக் டிக்கைக் கேட்டார். முகம் மாறிவிட்டது. உடனே அணைத்தார். "இத எத்தன தரம் போட்டுப் பாத்தீங்க?"

"ஆறேழு தடவ இருக்குங்க."

"இனிப் போட வாணாம். ஹார்ட் டிஸ்க் போய் ஈக்கு. உள்ளுக்கு ஈக்குற சாமான எடுக்க ஏலும்னு தான் நெனக்கிறேன், சத்தியம் பண்ணிச் செல்ல ஏலாது. இது எந்த நேரத்துலயும் நின்டு போகும். நின்டா நின்டது தான். அதனால மொதல்ல எத எடுக்கோணும்னு செல்லுங்க. ஒங்களுக்கு ஆக முக்கியமானது என்ன?"

பின்னால் இரண்டு பேர் காத்துக்கொண்டு நின்றார்கள். "சாதாரண தரப் பரீட்சை எழுதுற பிள்ளைங்களோட மாதிரி வினாத்தாள்ங்க" என்றேன். "பாடக் குறிப்பும் இருக்கு. தமிழ் இலக்கியம்." அவர் ஒரு துண்டில் எழுதிக்கொண்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. அவர் கேட்டது முக்கியமானது என்ன என்று. நான் சொன்னது பாடசாலையை. அந்த டிஸ்க்குக்குள் அவளும் நானும் இருந்த ஒன்பது வருடப் படங்கள் இருந்தன. அவற்றின் பிரதி வேறு எங்கும் இல்லை. போனிலும் இல்லை, அந்த நாளில் எங்களிடம் இருந்தது சின்ன போன், நிறைந்ததும் படங்களை லெப்டொப்பில் போட்டுவிட்டு அழித்துவிடுவோம். பஸ் ஓரிடத்தில் நின்றபோது கடைக்காரருக்கு போன் எடுத்தேன். "போட்டோவும் இருக்குங்க. கொஞ்சம் பாத்து எடுங்க" என்றேன். அதைச் சொல்லும்போது ஏனோ வெட்கமாக இருந்தது.

"எல்லாரும் வீட்டுக்குப் போற வழியில தான் டீச்சர் அதச் செல்ற" என்றார் அவர். "எல்லாத்தையும் எடுக்கப் பாப்பம்."

பதினொரு நாள் அவரிடமிருந்து ஒன்றும் இல்லை. அந்த நாட்களில் எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. லெப்டொப் இருந்தால் பின்னேரங்களில் எதையாவது தட்டிக்கொண்டிருப்பேன், திரையின் வெளிச்சமாவது முகத்தில் விழும். இப்போது விடைத்தாள் திருத்தினேன். திருத்தி முடிந்ததும் யன்னல் பக்கம் உட்கார்ந்து மழையைப் பார்த்தேன். வானொலியைப் போட்டேன், யாரோ இரண்டு பேர் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். நிறுத்திவிட்டேன். நாலு மணிக்குப் பாடசாலைக் கதவைப் பூட்டியதிலிருந்து மறுநாள் காலை முதல் பிள்ளை வந்து "குட் மோர்னிங் டீச்சர்" சொல்லும் வரைக்கும் என் வாயிலிருந்து ஒரு சொல்லும் வெளியே வராத நாட்கள் உண்டு. அது அதற்கு முன்பும் அப்படித்தான் இருந்திருக்கும். அந்தப் பதினொரு நாளில்தான் அதைக் கவனித்தேன்.

பன்னிரண்டாம் நாள் அவர் போன் எடுத்தார்.

"சாமான் வந்திட்டு டீச்சர். ஆனா ஒரு கரைச்சல் ஈக்கு. ஒரு பைலுக்கும் பேர் இல்ல. போல்டரும் இல்ல. எல்லாம் வெறும் நம்பர். ஒரு லைப்ரரியில எல்லாப் புத்தகத்துட அட்டையையும் கிழிச்சி, மொத்தமாக் கீழ கொட்டின மாதிரி. ஒவ்வொன்டா தொறந்து தான் பாக்கோணும்."

"எத்தன இருக்குங்க?"

"பதிநாலாயிரத்துக்குக் கிட்ட. பயப்பட வாணாம், பாதி குப்ப. அழிச்சதும் சேந்து வந்து ஈக்கு. நாங்க அழிச்சா அது போறதில்ல டீச்சர், பேர மட்டும் தான் வெட்டி விடுது. அதுக்கு மேல வேற ஒன்டு எழுதுற மட்டும் அங்கயே தான் கெடக்கும்." கொஞ்சம் தயங்கினார். "தமிழ் ஒன்டும் வாசிக்க ஏலாம ஈக்கு. இங்கிலீஷ் எழுத்து எழுத்தா வருது. பழுதாகினதோ தெரியா."

"பழுதில்லைங்க. அது பாமினியில டைப் பண்ணினது" என்றேன். அந்தப் பழைய எழுத்துருவைப் போட்டால்தான் தமிழ் தமிழாகத் தெரியும். இல்லாவிட்டால் யாருக்கும் புரியாத எழுத்துக் குவியல்.

அந்தச் சனிக்கிழமை மறுபடி இரத்தினபுரிக்குப் போனேன். அவர் புது டிஸ்க் ஒன்று பூட்டி, எல்லாவற்றையும் அதில் கொட்டி, பாமினியையும் போட்டுத் தந்தார். பழைய டிஸ்க்கை எடுத்து, "இது இனி ஒன்டுக்கும் ஆவாது, வீசவா?" என்றார். வேண்டாம் என்று வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு என் பின்னேரங்களுக்கு வேலை கிடைத்துவிட்டது. நாலு மணியிலிருந்து வெளிச்சம் மங்கும் வரைக்கும் ஒரு நம்பரைத் திறப்பேன், பார்ப்பேன், பெயர் வைப்பேன், அடுத்ததைத் திறப்பேன். தரம் பத்து இரண்டாம் தவணை. இணையத்தில் எப்போதோ பார்த்த ஒரு விளம்பரத்தின் பொத்தான் படம். விளையாட்டுப் போட்டிச் சான்றிதழ். மறுபடி ஒரு பொத்தான். அதற்கடுத்து, எந்த அறிவிப்பும் இல்லாமல், அவள் குழாயடியில் தலைமுடியில் சவர்க்கார நுரையோடு நின்று என்னைத் திட்டுகிற படம். வருடமும் மாதமும் கலைந்து போயிருந்ததால் எதற்கும் தயாராக இருக்க முடியவில்லை. ஒரு மாதிரி வினாத்தாளுக்கு அடுத்ததாக நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்திருக்கும் படம் வந்தது. அவள் எடுத்தது. கஞ்சிக் கோப்பையைப் பிடித்திருக்கும் அவளுடைய கை மட்டும் ஓரத்தில் தெரிந்தது.

அவள் வந்து நாலாவது வருடம் எனக்குக் கர்ப்பப்பையை அகற்றினார்கள். இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் எட்டு நாள். வீட்டுக்கு வந்து ஆறு கிழமை குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. அவள்தான் சமைத்தாள். என் உடுப்பைத் துவைத்தாள். என் வகுப்புகளையும் தன் வகுப்புகளோடு சேர்த்துப் பார்த்தாள். கணித டீச்சர் திருக்குறள் சொல்லித் தருகிறார் என்று பிள்ளைகள் சிரித்தார்கள்.

பெயர் வைக்கத் தொடங்கி மூன்றாவது கிழமை என்று நினைக்கிறேன். ஒரு நம்பரைத் திறந்தேன். கடிதம். என்னுடையது அல்ல, கையெழுத்துப் போடும் இடத்தில் அவளுடைய பெயர் இருந்தது. வலயக் கல்விப் பணிமனைக்கு எழுதிய இடமாற்ற விண்ணப்பம். "இப்பிரதேசத்தில் எனக்கு உறவினர் எவரும் இல்லை" என்று காரணம் எழுதியிருந்தாள். மேலே போட்டிருந்த திகதியைப் பார்த்தேன். அவள் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

அத்தோடு மூடியிருக்க வேண்டும். லெப்டொப்பில் நான் இதை ஒருநாளும் கண்டதில்லை, அது அவள் அழித்தது. நான் மூடவில்லை. அன்றைக்கும் அடுத்த நாளும் பெயர் வைப்பதை விட்டுவிட்டு, கடிதங்களை மட்டும் தேடித் தேடித் திறந்தேன். இரண்டாவது வருடமும் ஒரு விண்ணப்பம். மூன்றாவது வருடமும் ஒன்று. அந்த வருடங்களில் நாங்கள் ஒன்றாகச் சமைத்தோம், ஒரே குடையில் பாடசாலைக்குப் போனோம், அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே பஸ்ஸில் வந்தாள். எல்லாச் சமயத்திலும் அவள் போவதற்கு எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு அவள் மேல் இருந்த மூன்று வருடக் கோபம் நியாயம்தான் என்று தோன்றியது. அது சந்தோஷத்தைத் தரவில்லை.

நாலாவது கடிதம் வேறு மாதிரி இருந்தது. "எனக்கு வழங்கப்பட்டுள்ள இடமாற்றத்தைத் தயவுகூர்ந்து இரத்துச் செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தவிர்க்க முடியாத குடும்பக் காரணங்களினால் என்னால் தற்போதைய இடத்தை விட்டுச் செல்ல இயலாதுள்ளது."

திகதியை இரண்டு தடவை பார்த்தேன். நான் ஆஸ்பத்திரியில் இருந்த கிழமை.

அவளுக்கு இடமாற்றம் கிடைத்திருக்கிறது. வேண்டாம் என்று எழுதியிருக்கிறாள். அதற்குப் பிறகு இன்னும் ஐந்து வருடம் இருந்திருக்கிறாள். அந்த ஐந்து வருடத்துக்கு ஒரு விண்ணப்பமும் அந்தக் குவியலில் இல்லை. கடைசி வருடம் கல்யாணத்துக்காக எழுதியது மட்டும் இருந்தது. இது எதையும் அவள் என்னிடம் சொன்னதில்லை. நான் அவளுடைய கல்யாணத்துக்குப் போகவில்லை.

லெப்டொப்பை மூடிவிட்டுக் குவார்ட்டர்ஸைச் சுற்றி நடந்தேன். இரண்டு தடவை, மூன்று தடவை. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கமிருந்து யாரோ, "என்னா டீச்சர், எதையாச்சும் தொலைச்சிட்டீங்களா?" என்று குரல் கொடுத்தார்கள். இல்லை என்று கையாட்டினேன்.

சனிக்கிழமை காலை. எங்கள் இடத்தில் போன் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது பாடசாலைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான். குடையைப் பிடித்துக்கொண்டு அங்கே போய் நின்று அவளுக்கு எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"அக்கா?" என்றாள். உடனே, "என்னக்கா, ஒடம்புக்கு ஏதாச்சுமா?"

மூன்று வருடம் எடுக்காத ஒருத்தி எடுத்தால் வேறு என்ன நினைப்பாள். "ஒடம்புக்கு ஒன்னும் இல்ல. லெப்டொப் பழுதாப் போச்சு" என்றேன்.

"ஐயோ! நம்ம லெப்டொப்பா?"

குடையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். இடி, டிக் டிக் சத்தம், நம்பர் நம்பராக வந்தது, கடிதங்கள்.

"அத நான் அழிச்சிட்டேனே அக்கா" என்றாள்.

"அழிச்சதும் வருமாம்."

"எல்லாத்தையும் வாசிச்சீங்களா?"

"வாசிச்சேன். வாசிச்சிருக்கக் கூடாது. மாற்றம் கெடச்சத ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க போன்னு சொல்லியிருப்பீங்க. தையலோட எந்திரிச்சு என் பெட்டியக் கட்டிக் குடுத்திருப்பீங்க." பெருமூச்சு விட்டாள். "ஆனா அக்கா, நான் பொய் சொல்ல விரும்பல. நீங்க நெனைக்கிற மாதிரி அது முழுக்க உங்களுக்காக இல்ல. அந்த வருஷம் வீட்டுல எனக்கு ஒருத்தரப் பாத்து வச்சிருந்தாங்க. எனக்கு அந்தாளக் கண்டாலே ஆகாது. ஊருக்கு மாறி வந்திருந்தா அடுத்த மாசமே கட்டி வச்சிருப்பாங்க. கூட இருக்கிற அக்காவுக்கு ஆபரேஷன், விட்டுட்டு வர முடியாதுன்னு அம்மாகிட்ட அழுதேன். நீங்கதான் எனக்கு அப்ப சாக்கு."

நான் சிரித்துவிட்டேன். ஏமாற்றமாகவும் இருந்தது, பாரம் இறங்கினது போலவும் இருந்தது. ஐந்து வருடம் ஒருத்தி எனக்காகத் தன்னைக் கட்டிப்போட்டிருந்தாள் என்றால் அதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

"சரி, அந்த வருஷம் சாக்கு. அதுக்குப் பொறகு அஞ்சு வருஷம்?"

"அது எனக்கே தெரியலக்கா. எழுதணும்னு தோணல. நல்லாத்தான் இருந்துச்சு."

"குடும்பக் காரணம்னு எழுதியிருந்தே."

"வேற என்னா எழுதுறது? பக்கத்து ரூம் டீச்சருக்கு வயித்துல ஆபரேஷன்னா எழுத முடியும்?" சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நீங்க ஏன் கல்யாணத்துக்கு வரல?" என்று கேட்டாள்.

"தவணைப் பரீட்சை..."

"அக்கா."

"கோவம்" என்றேன்.

"தெரியும். வாசலப் பாத்துக்கிட்டே இருந்தேன். தாலி கட்டுற நேரம்கூட."

குடை மேல் மழை விழுந்துகொண்டிருந்தது. மன்னித்துக்கொள் என்று ஒருநாளும் நாங்கள் ஒருவரிடம் ஒருவர் சொல்லிப் பழகியதில்லை. சொல்லிப் பார்த்தேன். வாய்க்குள்ளேயே நின்றது. அதற்குள் அந்தப் பக்கம் எதுவோ விழுந்து உடையும் சத்தமும் குழந்தை வீறிடுவதும் கேட்டன.

"ஐயோ, இருங்க. இல்ல, நான் அப்பறம் எடுக்கிறேன். லீவுக்கு வாங்க அக்கா. கட்டாயம் வாங்க." வைத்துவிட்டாள்.

டிசம்பர் விடுமுறையில் போனேன். இரண்டு பஸ் மாறி, அரை நாள் பயணம். படங்களைத் தனியாகப் பிரித்து ஒரு பென் டிரைவில் போட்டுக் கொண்டுபோனேன். அவள் உடம்பு போட்டிருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். அவளுடைய கணவர் தபால் கந்தோரில் வேலை, மரியாதையான மனிதர். "உங்களப் பத்தித்தான் ஓயாமப் பேசுவாங்க" என்றார். இரண்டு வயதுக் குழந்தை முதல் நாள் முழுக்க என்னைக் கண்டால் தாயின் முழங்காலுக்குப் பின்னால் போய் ஒளிந்தது. பின்னேரம் எல்லோருமாக உட்கார்ந்து படங்களைப் பார்த்தோம். குழாயடிப் படத்தைப் பார்த்துவிட்டு அவள் அலறினாள். ஆனால் பாதிக்கு மேல் பார்க்க முடியவில்லை. குழந்தைக்குச் சோறு ஊட்ட வேண்டும், மாமியாருக்கு மருந்து கொடுக்க வேண்டும். அவள் எழுந்து எழுந்து போனாள். நான் மற்றவற்றைத் தனியாகப் பார்த்தேன்.

இரண்டாம் நாள் குழந்தை வந்து என் விரலைப் பிடித்துக்கொண்டது. பிடித்துக்கொண்டு எங்கேயும் கூட்டிப்போகவில்லை, சும்மா நின்றது.

"நீங்களும் மாத்திக்கிட்டு இந்தப் பக்கம் வந்துடலாமே அக்கா" என்றாள் அவள், சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டு.

"பாப்போம்" என்றேன். வரமாட்டேன் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு அங்கே ஒரு நிமிடம் ஓய்ந்து உட்கார நேரமில்லை. நான் போய் அந்தப் பக்கம் இன்னொரு குவார்ட்டர்ஸில் தனியாக இருப்பதற்கு இந்த மலையில் இருப்பது என்ன குறைச்சல்? இதை நான் சோகமாகச் சொல்லவில்லை, அப்போது அப்படித்தான் தோன்றியது.

நாலு நாள் இருப்பதாகப் போனவள் மூன்றாம் நாள் கிளம்பிவிட்டேன். பஸ் ஸ்டாண்டுக்கு அவளே வந்தாள். பஸ் புறப்படும்போது யன்னலுக்குள் கையை விட்டு என் கன்னத்தைத் தட்டினாள். நான் பெரியவள் என்பதை மறந்துவிட்டாள் போல.

குவார்ட்டர்ஸைத் திறந்தபோது பூட்டிக் கிடந்த வீட்டு ஈரவாடை அடித்தது. யன்னல்களைத் திறந்தேன். பையை அவிழ்த்தால், எனக்குத் தெரியாமல் அவள் வைத்த எலுமிச்சை ஊறுகாய்ப் போத்தல் கவிழ்ந்து, இரண்டு சேலையில் எண்ணெய் ஊறியிருந்தது. பிள்ளைகள் இல்லாத பாடசாலை மைதானத்தில் நாய் ஒன்று படுத்திருந்தது. சேலைகளை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய், சவர்க்காரம் போட்டுக் கசக்கினேன். ஒன்றில் போய்விட்டது. மற்றதில் போகவில்லை. இரண்டையும் கொடியில் போட்டுவிட்டு, போத்தலின் அடியில் மிஞ்சியிருந்த ஊறுகாயோடு சோறு சாப்பிட்டேன். "வந்து சேந்துட்டேன். ஊறுகாய்க்கு உப்பு கூடிப்போச்சு" என்று அவளுக்கு எழுதி, அனுப்புவதற்காகத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நடந்தேன்.